கால் பங்கு பிளேனும் ரெண்டாவது பஸ்ஸும்

பியோரியா, இல்லினாய்.
ஆவணி பிறந்து ரெண்டாவது ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு மருமகன் வணக்கம். இங்க எல்லாரும் சுகம். அங்க அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு? தோட்டத்துல பன்னீர்த் திராட்சை இந்தத் தடவை மழைக்குத் தப்பிச்சதுன்னு அம்மா சொல்லுச்சு. சந்தோஷம்.

அம்மா இன்னொரு தாக்கலும் சொல்லுச்சு. உத்தமபாளையம் டீக்கடையில, நான் அமெரிக்காவுல சொந்தமா பிளேன் வாங்கிட்டேன்னு பேச்சாம். பேச்சோட நின்னாப் பரவாயில்லை. கோம்பையில இருக்கிற நம்ம தூரத்துச் சொந்தம் ஒருத்தர் வீட்டுக்கே வந்து, "தம்பி ஊருக்கு வர்றப்போ அதுலயே வந்துட்டா டிக்கெட் காசு மிச்சம்தானே"ன்னு யோசனை சொல்லிட்டு, அப்படியே மக கல்யாணத்துக்கு ரெண்டு லட்சம் கைமாத்துக் கேட்டுட்டுப் போயிருக்கார். அதனால மொதல்ல இதைத் தெளிவுபடுத்திர்றேன். ஊர்ல நாலு பேருக்கு நீங்களே சொல்லிருங்க.

அது முழு பிளேன் இல்லை மாமா. கால் பங்கு. நம்ம தாத்தா காலத்துக் கிணத்தை நினைச்சுக்கங்க. ஒரு கிணறு, ஒரு மோட்டார், நாலு பங்காளி, ஆளுக்கு முறை வச்சு இறைக்கிறது. அதே கணக்குத்தான் இங்கயும். நான், ரிட்டையர் ஆன பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர், ஒரு பல் டாக்டர், ஒரு சோளக்காட்டு விவசாயி, நாலு பேரும் பங்காளிக. நம்ம கிணத்துல மோட்டார் புகைஞ்சா பங்காளிக்குள்ள பேச்சுவார்த்தை நின்னுபோகும். இங்க பேச்சு நிக்காது, பில்லை நாலா வகுத்து ஈமெயில் வந்துரும். வருஷத்துக்கு ஒரு தடவை மெக்கானிக் முழுசாத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும். உங்க ஜீப்புக்கு எஃப்.சி. காட்டுற மாதிரிதான். என்ன, அங்க பெயிண்ட் அடிச்சுக் கொண்டுபோனாப் போதும், இங்க பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்க்கிறான்.

வண்டி 1974 மாடல் செஸ்னா 172. என்னைவிட வயசு மூத்தது. உலகத்துல வேற எந்த விமானமும் இம்புட்டு எண்ணிக்கையில செஞ்சதில்லை, 44,000 தாண்டிருச்சு. பிளேன்கள்ல இது அம்பாசிடர் கார்னு வச்சுக்கங்க. நாலு பேர் உட்காரலாம்னு பேரு. அந்த நாலு பேரும் நம்ம வீட்டுல சாப்பிட்டு வளராதவங்களா இருக்கணும். டாங்கியை நிரப்பினா நாலு மணி நேரம் பறக்கும். அட்லாண்டிக்கைத் தாண்ட அது காணாதுன்னு கோம்பைக்காரருக்குச் சொல்லிருங்க. கைமாத்து விஷயத்தை நான் அம்மாகிட்டத் தனியாப் பேசிக்கிறேன்.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் விளங்கலை. "கால் பங்குன்னா எந்தக் கால்டா? முன்சக்கரமா பின்சக்கரமா? உன் பங்கு கழண்டு விழுந்தா மத்தவன் சும்மா இருப்பானா?"ன்னு கேக்குது.

சரி, நீங்க கேட்ட விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் நீங்க சொன்ன யோசனை இந்த வருஷம் பலிச்சுச்சா இல்லையா? அதை எழுதணும்னுதான் உட்கார்ந்தேன்.

விஸ்கான்சின் மாநிலத்துல, வின்னபேகோ ஏரிக்கரையில, ஆஷ்காஷ்னு ஒரு ஊர். ஜூலை கடைசியில, நமக்கு ஆடி பிறந்த கையோட, அங்க ஏழு நாள் விமானத் திருவிழா. ஏர்வென்ச்சர்னு பேரு. பால் போபெரெஸ்னின்னு ஒருத்தர், வீட்டுக்குள்ளயே பிளேன் செஞ்சு ஓட்டிப் பார்க்கிற கிறுக்கன்களை எல்லாம் ஒண்ணு சேர்த்து, 1953-ல மில்வாக்கியில ஒரு சங்கம் ஆரம்பிச்சார். அந்த வருஷம் நடந்த மொதக் கூட்டத்துக்கு நூத்தம்பது பேர்கூட வரலை. பிறகு கூட்டம் பெருத்து, எங்க மாநிலத்து ராக்ஃபோர்டுக்குப் போயி, 1970-லேருந்து ஆஷ்காஷ்லயே நிலைச்சிருச்சு. 2023-ல மட்டும் அந்த ஏழு நாள்ல வந்த ஜனம் 6,77,000. 2011 கணக்குப்படி நம்ம கம்பம் நகராட்சியில அறுபத்தெட்டாயிரம் பேர் சொச்சம். ஆக, பத்துக் கம்பத்தை ஒரு புல்லுக்காட்டுல கொண்டுபோய்க் கொட்டின மாதிரி.

ஜனம் கிடக்கட்டும். வந்து இறங்குற விமானம் பத்தாயிரத்துக்கு மேல. அதுல முக்கால்வாசி எங்க வண்டி மாதிரிச் சின்னச் சின்ன வண்டி, எங்களை மாதிரி ஞாயித்துக்கிழமை பைலட்டுகள் ஓட்டிட்டு வர்றது. அந்த ஒரு வாரம் உலகத்துலயே அதிகமாச் சோலி பார்க்கிற கண்ட்ரோல் டவர் அந்த ஊர் டவர்தான். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுத்துட்டு வர்ற கூட்டம் முல்லையாத்துப் பாலத்துக்கிட்ட எப்படி நெருக்கும்? அந்தக் கூட்டத்துல ஒவ்வொருத்தரும் தரையில நடக்காம ஆகாசத்துல வந்தா எப்படி இருக்கும்? இன்னும் ஒண்ணு சேர்த்துக்கங்க. வீரபாண்டியில முன்னால நெரிசல்னா அப்படியே நின்னுக்கலாம், பிளேன்ல நிக்க முடியாது. நின்னா விழுந்துரும்.

அதனால அங்க போறதுக்குன்னே அரசாங்கம் வருஷா வருஷம் ஒரு அறிவிப்புப் போடுது. முப்பது பக்கத்துக்கு மேல. வாத்தியார் அதைச் சிவப்பு, நீலம், பச்சைன்னு மூணு பேனாவுல கோடு போட்டுப் படிச்சு, என்கிட்டக் கேள்வி கேட்டு மார்க் போட்டார். சாரம் இம்புட்டுத்தான். எல்லாரும் ரிப்பன்ங்கிற ஊருக்கு மேல வந்து சேரணும். (சென்னை கார்ப்பரேஷன் ரிப்பன் கட்டடம் இருக்கே, அதே பேருதான்.) அங்கேருந்து ஒரு ரயில் தண்டவாளம் வடகிழக்கா ஃபிஸ்க்ங்கிற குக்கிராமத்துக்குப் போகுது. அந்தத் தண்டவாளத்துக்கு மேலேயே, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா, அரை மைல் இடைவெளி விட்டு வரணும். வேகம் 90 நாட், நம்ம கணக்குல மணிக்கு 165 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. உசரம் கடல் மட்டத்துலேருந்து 1,800 அடி. இதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு மாமா. குமுளியே அதைவிட எம்புட்டோ உசரம்! நீங்க தினம் ஏலத்தோட்டத்துக்கு ஆளேத்திக்கிட்டு ஜீப்புல ஏறுற உசரத்துக்கு நான் பிளேன்ல போறப்பகூட ஏறலை.

தண்டவாளத்தைப் பார்த்து ஓட்டுறதுங்கிறது நல்ல யோசனைதான். ஆனா நம்ம பக்கம் செல்லாது. போடி லைனை 2010 கடைசியில பிரிச்சுப் போட்டுட்டு, தேனிக்கு 2022 மே மாசமும் போடிக்கு 2023 ஜூன்லயும்தானே மறுபடி ரயில் விட்டாங்க. நடுவுல எவனாவது தண்டவாளத்தை நம்பிப் பறந்து வந்திருந்தா ஆண்டிபட்டி கணவாய்லயே தொலைஞ்சிருப்பான்.

இன்னும் ஒரு விதி: யாரும் ரேடியோவுல வாயைத் திறக்கக் கூடாது. கேட்டுக்க மட்டும்தான் செய்யணும். நம்ம சொந்தக்காரங்க ஒருத்தருக்கும் இந்த ஒரு காரணத்தாலேயே லைசென்ஸ் கிடைக்காது.

போன வருஷக் கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியை அன்னைக்கு வெக்கப்பட்டு மறைச்சுட்டேன். சீட்டுக் குலுக்கினதுல அந்த வாரம் எனக்கும் வாத்தியாருக்கும் விழுந்துச்சு. நான் கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமாப் போட்டுத் திட்டம் பண்ணினேன். திங்கக்கிழமை திருவிழா ஆரம்பம். சனிக்கிழமை வீட்டு வேலை. ஆகவே ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கிளம்பினா ரெண்டு மணி நேரத்துல போயிரலாம், லீவும் மிச்சம். என்ன புத்திசாலித்தனம் பாருங்க! அமெரிக்காவுல பிளேன் வச்சிருக்கிற பாதிப் பேருக்கு அதே ஆபீஸ், அதே லீவு, அதே கட்டம். எல்லாரும் அதே ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் கிளம்பியிருக்காங்க.

ரிப்பனுக்கு முப்பது மைல் தள்ளி வர்றப்பவே ரேடியோவுல ஒரு குரல், "கிரீன் லேக் ஏரியைச் சுத்துங்க"ன்னுச்சு. சரின்னு சுத்தினோம். இடப்பக்கமாவே வட்டம் போடணும்னு விதி. அதாவது அப்பிரதட்சணம். எனக்கு அப்பவே மனசுல சுருக்குன்னுச்சு. முன்னால ஒரு மஞ்சள் வண்டி, பின்னால ஒரு நீல வண்டி, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. வைகாசி மாசத்துல மாந்தோப்புக்குள்ள ஈ சுத்துற மாதிரி சுத்துறோம். வாத்தியார் கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பித் திருப்பி, "வலப்பக்கம் ஒருத்தன், கீழ ஒருத்தன், எதுக்க ஒருத்தன், இவன் ஏன்யா வலப்பக்கமாச் சுத்துறான்"னு கத்துறார். மூணு சுத்து, நாலு சுத்து, ஏழு சுத்து. அப்ப என் போன்ல மெசேஜ். வீட்டுக்காரியும் மகளும் அன்னைக்குக் காலையில கார்ல கிளம்பி, நாலரை மணி நேரத்துல போய்ச் சேர்ந்து, டெண்ட் அடிச்சு, டிக்காஷன் இறக்கி, காபியைக் குடிச்சுட்டு டம்ளரைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா. "எங்க இருக்கீங்க?"ன்னு கேள்வி. ஏரி மேல இருக்கேன்னு எப்படிச் சொல்றது?

பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். சட்டப்படி பகல்ல அரை மணி நேரத்துக்கு மிச்சம் இருந்தாப் போதும். எங்க நாலு பேருக்குள்ள ஒரு மணி நேரம்னு ஒப்பந்தம், அதுல மட்டும் பங்காளிச் சண்டை கிடையாது. அந்தக் கோட்டைத் தொடுறதுக்குள்ள திரும்பிட்டோம். தெற்கால ஒரு சின்ன ஏர்போர்ட்டுல இறங்கினா, எங்களை மாதிரியே தோத்து வந்தவங்க முப்பது பேர் சிறகுக்கு அடியில படுக்கையை விரிச்சுட்டு இருக்காங்க. அந்த ஊர்க்காரங்க ஒரு அடுப்பை இழுத்துட்டு வந்து எல்லாருக்கும் சாப்பாடு போட்டாங்க. மறுநாள் மழை. அதுக்கு மறுநாளும் மழை. புதன்கிழமை நாங்க பியோரியாவுக்கே திரும்பிட்டோம். வீட்டுக்காரி மொத்தத் திருவிழாவையும் பார்த்துட்டு, எனக்கு ஒரு பனியன் வாங்கிட்டு வந்தா. "நான் ஆஷ்காஷுக்குப் போயிருந்தேன்"னு அதுல எழுதியிருக்கு. இன்னும் போடலை.

அப்பத்தான் உங்களுக்குப் போன் பண்ணினேன். நீங்க ஜீப்புல டயர் மாத்திக்கிட்டே பேசினீங்க, ஞாபகம் இருக்கா? "ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப்பு பூராவும் கருக்கல்ல ஒண்ணாக் கிளம்பும்டா. நான் ஒண்ணு அவனுகளுக்கு முன்னால போயிருவேன், இல்லேன்னா டீயைக் குடிச்சுட்டு நிப்பேன். மொதப் பஸ்ஸுல ஆளு தொங்கும், ரெண்டாவது பஸ்ஸு அதுக்குப் பின்னாடியே காலியா வரும். உனக்கு எதுக்கு மொதப் பஸ்ஸு?"ன்னீங்க. அப்புறம், "வீரபாண்டிக்குத் தேர் இழுக்கிற வெள்ளிக்கிழமை குடும்பத்தோட போறவன் எவனாவது உண்டா?"ன்னு கேட்டீங்க. எனக்கு அந்த முப்பது பக்கமும் அப்பத்தான் விளங்குச்சு. எப்படிப் பறக்கணும்னு எழுதியிருக்காங்களே ஒழிய, எப்பப் போனாக் கூட்டம் இருக்காதுன்னு எழுதலை. எழுதினா அப்பக் கூட்டம் வந்துரும்ல.

இந்த வருஷம் சோளக்காட்டு விவசாயியோட முறை. மனுஷன் டிராக்டர் வாங்கின கடன்ல இருக்கார், எனக்கு விட்டுக்குடுத்துட்டார். (பதிலுக்கு அவர் தோட்டத்துல மூணு சனிக்கிழமை கல்லு பொறுக்கினேன். நம்ம காட்டுல பொறுக்காத கல்லை இங்க வந்து பொறுக்கினேன்னு அப்பாகிட்டச் சொல்லிராதீங்க.) நானும் வாத்தியாரும் ஜூன்லயே உட்கார்ந்தோம். இந்தத் தடவை கம்ப்யூட்டர் கட்டம் இல்லை. கம்பம் பஞ்சாங்கம்.

முந்தின வெள்ளி, சனியே போயிரலாமா? இடம் கண்டிப்பாக் கிடைக்கும். ஆனா சனிக்கிழமை கூட்டமா வர்ற கோஷ்டிகள் உண்டு. பொனான்ஸாங்கிற வகை விமானம் வச்சிருக்கிறவங்க ராக்ஃபோர்டுல கூடி, அங்கேருந்து அணிவகுத்து வந்து இறங்குவாங்க. 1990-லேருந்து இது வழக்கம். செஸ்னாக்காரங்க தனிக் கோஷ்டி, மூனிக்காரங்க தனிக் கோஷ்டி. முளைப்பாரி ஊர்வலம் வந்தா மெயின்ரோட்டுல நாம ஓரங்கட்டுறோம்ல, அது மாதிரி மத்தவங்க காத்துக்கிடக்கணும். போதாததுக்கு அம்புட்டு நாள் லீவு போட்டா என் மேனேஜர் என்னை ஊருக்கே அனுப்பிருவார்.

ஞாயித்துக்கிழமைன்னு வாத்தியார் வாயெடுக்கக்கூட இல்லை.

திங்கள், செவ்வாய்? ஞாயித்துக்கிழமை உள்ள போக முடியாதவன் பூராவும் அன்னைக்குத்தான் வருவான். புல்லுக்காடு நிறைஞ்சிருச்சுன்னா "இடமில்லை, வேற ஊருக்குப் போ"ன்னு சொல்லிருவாங்க. மழை பெஞ்சா இன்னும் மோசம். 2010-ல திருவிழாவுக்கு முன்னால கொட்டின மழையில நிறுத்துற இடமெல்லாம் நாத்தங்கால் சேறு மாதிரி ஆகி, வர்ற விமானங்களை எல்லாம் வராதேன்னு தடுத்துட்டாங்க. அன்னைக்கு நம்ம பக்கத்து ஆளு ஒருத்தன் இருந்திருந்தா ரெண்டு மாட்டைப் பூட்டித் தொழியடிச்சு நட்டே முடிச்சிருப்பான்.

மத்தியானம் ரெண்டரைக்கு மேல சாகசக் காட்சி. அந்த நேரம் யாரும் இறங்க முடியாது. ராத்திரி எட்டு மணிக்கு மூடிட்டாங்கன்னா மறுநாள் காலை ஏழுக்குத்தான் மறுபடி இறங்க விடுவாங்க. ஆக, தாராளமாத் திறந்திருக்கிற நேரம்னு பார்த்தாக் காலையிலதான். காலையிலேயும் ஏழு மணிக்கு எல்லாரும் வாசல்ல வந்து நிப்பான்.

கடைசியில வாத்தியாரே கண்டுபிடிச்சார். திருவிழா ஆரம்பத்துல வந்தவனுக்குப் புதன்கிழமையோட சட்டை அழுக்காயிரும், பொண்டாட்டி ஞாபகம் வந்துரும், கிளம்ப ஆரம்பிச்சிருவான். வியாழக்கிழமை காலையில வெளிய போற கூட்டம் இருக்கும், உள்ள வர்ற கூட்டம் இளைச்சிருக்கும், இடமும் காலியாகியிருக்கும். எனக்கு ரெண்டு நாள் லீவு போதும். ஆனா புதன்கிழமை சாயங்காலமே முக்கால்வாசி வழி போயி எங்கேயாவது தங்கிரணும். மறுநாள் காலையில அரை மணி நேரம்தான் பறக்கணும், வானத்தைக் கண்ணால பார்த்துட்டே கிளம்பலாம், டாங்கியும் நிறைஞ்சிருக்கும். வானம் சரியில்லைன்னா கிளம்புறது இல்லை. இதை ஒரு தாளுல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்தே போட்டோம். ஆசை முத்திட்டா அறிவு நம்ம பேச்சைக் கேக்காதுங்கிறதுக்குப் போன வருஷத்து அப்பிரதட்சணமே சாட்சி.

அப்புறம் எடை. எங்க வண்டிக்கு எல்லாம் சேர்த்து 2,300 பவுண்டுக்கு மேல ஏத்தக்கூடாது. குளியலறைத் தராசுல ஒவ்வொரு சாமானா நிறுத்துப் பார்த்தோம். வீட்டுக்காரி ரெண்டு குக்கர், மாவு டப்பா, இட்லிப் பொடி, ஊறுகாய் பாட்டில்னு கொண்டுவந்து வச்சா. தராசு முள்ளைப் பார்த்துட்டு வாத்தியார் என்னைப் பார்த்தார். கடைசியில மாவும் குக்கரும் அவளோட கார்ல, நானும் வாத்தியாரும் பிளேன்லன்னு முடிவாச்சு. பங்குச் சண்டையில குக்கருக்குத்தான் நல்ல சீட்டு.

புதன்கிழமை ராத்திரி தங்கின இடத்துல பத்துப் பதினஞ்சு வண்டி. வியாழன் காலையில ஆறரைக்கே ஒவ்வொருத்தனா எஞ்சினை உறும வச்சுக் கிளம்புறான். வாத்தியாருக்கு இருப்புக் கொள்ளலை. நான் டீ போட்டேன். "இப்ப எதுக்கு டீ?"ன்னார். "எங்க மாமாவோட உத்தரவு"ன்னேன். ஏழரைக்கு ரெண்டாவது டீ. ரேடியோவைத் திருப்பிக் கேட்டா, ஃபிஸ்க்குல நிக்கிற கண்ட்ரோலர் மூச்சு விடாம பேசிட்டிருக்கார், "சுத்துங்க, சுத்துங்க"ங்கிறார். எட்டே காலுக்குக் குரல் தணிஞ்சுச்சு. எட்டரைக்கு நடுவுல ஒரு ஜோக்கே அடிச்சார். "இப்ப வாங்க"ன்னேன்.

ரிப்பனுக்கு மேல வந்தப்போ முன்னால ஒரே ஒரு வண்டி மாமா. ஒண்ணே ஒண்ணு! மேகாத்து லேசா, ஆகாசம் கழுவிவிட்ட மாதிரி. கீழ தண்டவாளம். ஃபிஸ்க்குல ஒரு மேட்டுல இளஞ்சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு நாலைஞ்சு பேர் பைனாகுலரோட நிப்பாங்க. அவங்கதான் கண்ட்ரோலருங்க. நாடு முழுசுலேருந்தும் இந்த வாரத்துக்கு வேலை பார்க்க விண்ணப்பம் போட்டு, போட்டியில தேர்வாகி வர்றவங்க. நம்ம பேரு, நம்பர் எதையும் கேக்க மாட்டாங்க. நிறத்தைப் பார்த்துக் கூப்பிடுவாங்க. "வெள்ளை-பச்சை செஸ்னா, ராக் யுவர் விங்ஸ்." உடனே சிறகை அப்படியும் இப்படியும் ஆட்டணும். அதுதான் "ஆகட்டும் சாமி"ங்கிறதுக்கு அடையாளம். இத்தனை வருஷமா ஆபீஸுல நான் தலையை ஆட்டுறது ஆமாவா இல்லையான்னு வெள்ளைக்காரங்க குழம்பிட்டே இருக்காங்க. இங்க வந்து ஆட்டினேன், ஒரே ஆட்டுல புரிஞ்சிருச்சு. "நல்லா ஆட்டினீங்க"ன்னு பாராட்டு வேற. தமிழனுக்குப் பயிற்சியா வேணும்?

பிறகு ஓடுதளம். அதுல அம்மா போடுற கோலத்துக்கு வைக்கிற மாதிரி பெரிய பெரிய வண்ணப் புள்ளி வச்சிருக்காங்க. ஒரே ஓடுதளத்துல ஒரே சமயத்துல ரெண்டு மூணு வண்டி இறங்கும், ஒருத்தனுக்கு ஆரஞ்சுப் புள்ளி, இன்னொருத்தனுக்குப் பச்சைப் புள்ளி. எனக்குப் பச்சை. எனக்கு முன்னால தூரத்துல ஒருத்தன் ஓடிக்கிட்டு இருக்கிறப்பவே நான் இறங்குறேன். மத்த ஊர்ல இப்படி இறங்கினா லைசென்ஸைப் பிடுங்கிருவாங்க. பச்சைப் புள்ளி மேலேயே சக்கரத்தை வச்சேன்னு எழுத ஆசைதான். நாப்பதடி தள்ளி வச்சேன். "வெல்கம் டு ஆஷ்காஷ்"னு டவர்லேருந்து சொன்னாங்க. அந்த நிமிஷம் வாத்தியார் மூக்கை உறிஞ்சினார். அவருக்கு எழுபத்தொரு வயசு, முப்பது வருஷமா இங்க வரணும்னு நினைச்சவர்.

இறங்கின வேகத்துல புல்லுல திரும்பிரணும். கண்ணாடியில ஒரு தாளுல ஜி.ஏ.சி.ன்னு பெருசா எழுதி வச்சிருந்தோம், பிளேன் பக்கத்துலயே டெண்ட் போட வந்தவங்கன்னு அர்த்தம். ஆரஞ்சுச் சட்டை போட்ட தொண்டர்கள் கையைக் காட்டிக் காட்டி வரிசையில கொண்டுபோய் நிறுத்தினாங்க. அடுத்த வேலை வண்டியைக் கட்டுறது. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னா பிளேன் பறக்காதா, அதுவும் பறக்கிறதுக்குன்னே செஞ்சது? ரெண்டு சிறகுலயும் வாலுலயும் கயிறு கட்டி, முளையடிச்சு இறுக்கணும். பக்கத்துக்காரர் கடையில வாங்கின திருகாணி முளையைத் திருகிக்கிட்டு இருந்தார். நான் தாத்தா மயிலைக் காளைக்குப் போடுற முடிச்சைப் போட்டேன். அன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு இடியும் மழையும் பிச்சு எடுத்துச்சு. எல்லாரும் டெண்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. காலையில பார்த்தா எங்க வண்டி அசையலை. பக்கத்துக்காரர் வந்து அந்த முடிச்சுக்குப் பேரென்னன்னு கேட்டார். பேரு எங்க இருக்கு? மாட்டு முடிச்சுன்னேன். அவர் குறிச்சு வச்சுக்கிட்டார்.

இட்லிக்கு வரிசை நின்னுச்சு மாமா. குக்கர் கார்ல வந்த புண்ணியம். பக்கத்து வரிசையில பதிமூணு வருஷமா வீட்டுக் கார் ஷெட்டுல தானே பிளேன் செஞ்சு அதுலயே வந்தவர் ஒருத்தர் இருந்தார். உங்க ஜீப்புக்கு நீங்க பண்ணின மாத்தத்தை எல்லாம் சொன்னேன். மஹிந்திரா எஞ்சின், லாரி பட்டை, சின்னமனூர் பட்டறையில வச்ச ஹைட்ராலிக். மரியாதையா எழுந்து நின்னார். இங்க பறக்க வர்றதாயிருந்தா உங்களை அவங்க சங்கத்துல சேர்த்துக்குவாங்களாம்.

போறது எப்பன்னு யோசிச்ச அளவுக்குத் திரும்புறது எப்பன்னும் யோசிச்சோம். அதுக்குக் காரணம் உங்க மகன் சொன்னதுதான். 2024 அக்டோபர் 6-ல மெரினாவுல விமானப்படை சாகசம் பார்த்துட்டு அவன் வேளச்சேரி வந்து சேர ராத்திரி ஆயிருச்சுன்னானே. அன்னைக்கு அந்த வெயில்லயும் நெரிசல்லயும் அஞ்சு உசிரு போச்சு. அதை வேடிக்கையா எழுத எனக்குக் கை வரலை. ஒண்ணு மட்டும் மனசுல தைச்சுச்சு. வந்தது பல நேரத்துல வந்த கூட்டம், திரும்பினது ஒரே நேரத்துல. அதனால நாங்க ஞாயித்துக்கிழமைக் கடைசிக் காட்சி வரைக்கும் நிக்கலை. சனிக்கிழமை காலையில, மூடுபனி விலகினதும், எல்லாரும் பலகாரக் கடை வரிசையில நிக்கிற நேரம் பார்த்துக் கயிறை அவுத்துட்டோம். வாத்தியாருக்கு ராத்திரி வாணவேடிக்கை போச்சேன்னு வருத்தம். வழி முழுக்க அதையே சொல்லிக்கிட்டு வந்தார். வீட்டுக்காரியும் மகளும் அதைப் பார்த்துட்டு ஞாயித்துக்கிழமை கார்ல கிளம்பி, ரோட்டுல அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஊர்ந்து வந்து சேர்ந்தாங்க. இந்தத் தடவை நான் டம்ளரைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதுக்கு இன்னும் பதில் வரலை, ஒரே வீட்டுலதான் இருக்கோம்.

நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க, குமுளி மலையில கொண்டை ஊசி வளைவுல ஹார்ன் அடிக்கிற மாதிரி இங்க ஹார்ன் உண்டான்னு. கிடையாது மாமா. லைட்டு மட்டும் போட்டுக்கிட்டுப் போகணும். ஆனா சபரிமலை சீசன்ல போறதுக்கு ஒரு மலைப்பாதை, வர்றதுக்கு ஒரு மலைப்பாதைன்னு கம்பம்மெட்டையும் குமுளியையும் பிரிச்சு விடுறாங்களே, அதே ஏற்பாடு இங்க ஆகாசத்துல இருக்கு. வர்ற வழி வேற, கிளம்புற வழி வேற. ரெண்டு இடத்துலயும் அதை மதிக்காம எதுக்க வர்ற ஒருத்தன் இருப்பான். அவனை வாத்தியார் என்ன சொல்லித் திட்டினார்ங்கிறதை அத்தை இந்தக் கடுதாசியைப் படிக்கும்ங்கிறதால எழுதலை.

அடுத்த வருஷம் அந்த வாரம் பல் டாக்டருக்கு. அவர் எதுக்கும் விட்டுக்குடுக்கிற ஆளில்லை. அதனால சித்திரைக்கு ஊருக்கு வரலாம்னு இருக்கோம். மதுரையில வந்து இறங்குவோம். ஜீப்பைக் கொண்டாந்துருங்க, முன் சீட்டு மகளுக்குன்னு இப்பவே சொல்லிட்டா. அம்மா வீரபாண்டிக்கு ஆயிரங்கண் பானை எடுக்கணும்னு வேண்டியிருக்காம், எனக்காக. அந்த எட்டு நாள்ல எந்த நாள், எந்த நேரம் போகணும்னு யோசிச்சு எழுதுங்க. அதை வச்சுத்தான் டிக்கெட் போடணும். தேர் அன்னைக்கு வேண்டாம்.

அத்தைக்கும் அப்பத்தாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: மாட்டு முடிச்சைப் படம் வரைஞ்சு அனுப்பச் சொல்லிப் பக்கத்துக்காரர் ஈமெயில் போட்டிருக்கார். எனக்குக் கைதான் போடுது, வரையத் தெரியலை. கொட்டத்துல கயிறு கட்டுறப்போ ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. மாட்டோட மூஞ்சியும் விழட்டும்.